சுவரில் மாட்டும் சோப்பு டிஸ்பென்சரை வடிவமைப்பது எப்படி: திரவத்தில் தொடங்கி மூடியில் முடிக்கும் வழி

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மூடியிலிருந்து தொடங்குகிறார்கள். கம்ப்யூட்டரில் வளைவான ஒரு பெட்டி, நடுவில் பட்டன், பக்கத்தில் சாவித்துளை, எல்லாம் அழகாக வரைந்து முடித்துவிட்டு, "உள்ளே எந்த பம்ப் போடலாம்?" என்று கேட்பார்கள். பம்ப் உள்ளே நுழையாது. நுழைத்தால் டேங்க் சிறுத்துவிடும். டேங்க்கைப் பெரிதாக்கினால் பெட்டி சுவரிலிருந்து ஒரு சாண் துருத்திக்கொண்டு நிற்கும்.

நான் செய்யும் வரிசை இதற்கு நேர் எதிர்: திரவம், அளவு, நிரப்பும் முறை, பம்ப், காற்று வழி, மூக்கு (சோப்பு வெளியே வரும் முனை), பொருள், லீவர், சுவர். மூடி கடைசியில்தான். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஓர் எண்ணைத் தருகிறது, அந்த எண் இல்லாமல் அடுத்ததைத் தொட முடியாது. உதாரணத்துக்கு, அலுவலகக் கழிப்பறையில் மாட்டும், கையால் அழுத்தும், 800 மி.லி. கொள்ளும் ஹேண்ட்வாஷ் டிஸ்பென்சர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சானிடைசரும் நுரை சோப்பும் எங்கே வேறுபடுகின்றன என்று ஆங்காங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உள்ளே ஊற்றப்போகும் அதே திரவம் 5 லிட்டர் கேனில், கூடவே வேறு இரண்டு வகை சோப்பும். அளவு உருளை. 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு. ஸ்பிரிங் தராசு. பிரித்துப் பார்க்க நாலைந்து லோஷன் பம்புகளும் கடையில் கிடைக்கும் இரண்டு டிஸ்பென்சர்களும். பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்று, அதற்கு 12 வோல்ட் சப்ளை. டைல்ஸ் ஒட்டிய செங்கல் சுவர், ஒரு சதுர அடி இருந்தாலே போதும்.

3டி பிரின்டர் இருந்தால் மூடிக்கும் லீவருக்கும் பயன்படுத்தலாம். டேங்க்கை அதில் அச்சடித்துச் சோதிக்க வேண்டாம். அடுக்குகளுக்கு நடுவே சோப்பு கசியும், நீங்கள் உங்கள் வால்வைச் சந்தேகப்பட்டு ஒரு வாரத்தை வீணாக்குவீர்கள்.

1. திரவத்தின் கெட்டித்தன்மையை அளந்து பாருங்கள்

கெட்டித்தன்மையின் அலகு சென்டிபாய்ஸ். தண்ணீர் 1 சென்டிபாய்ஸ். கடை ஹேண்ட்வாஷ் பெரும்பாலும் சில ஆயிரம் சென்டிபாய்ஸ். கெட்டித்தன்மையை அளக்கும் கருவியான விஸ்கோமீட்டர் இல்லையென்றால், அளவு உருளையில் சோப்பை ஊற்றி ஒரு சிறிய சைக்கிள் பேரிங் குண்டைப் போட்டு, அது அடியைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பக்கத்தில் அதே அளவு உருளையில் மருந்துக்கடை கிளிசரின். அது 25 டிகிரியில் ஏறக்குறைய ஆயிரம் சென்டிபாய்ஸ். துல்லியம் கிடைக்காது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இதை மூன்று நிலைகளில் செய்யுங்கள்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 10 டிகிரியில், அறை வெப்பத்தில், 40 டிகிரியில். ஊட்டியில் டிசம்பர் காலையும் சென்னையில் மே மதியமும் ஒரே பம்புக்கு இரண்டு வேறு திரவங்களைக் கொடுக்கின்றன.

நாலாவதாக ஒரு சோதனை உண்டு, அதை யாரும் செய்வதில்லை. சோப்பில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து அளந்து பாருங்கள். மலிவான ஹேண்ட்வாஷ்களைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் சாதாரண உப்புதான். தண்ணீர் கலந்தால் உப்பின் செறிவும் குறைகிறது, அதனால் கெட்டித்தன்மை கலந்த அளவைவிடப் பல மடங்கு சரிந்துவிடும். துப்புரவுப் பணியாளரிடம் மாதத்துக்கு இரண்டு கேன்தான் தருவார்கள். அவர் தண்ணீர் கலக்கத்தான் செய்வார். கலக்காதீர்கள் என்று ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட, கலந்தாலும் ஒழுகாத வால்வு போடுவது நல்லது.

நுரை பம்ப் என்றால் கதை தலைகீழ். அதற்குத் தண்ணீர் மாதிரி ஓடும் சோப்பு வேண்டும். கெட்டிச் சோப்பை ஊற்றினால் உள்ளே இருக்கும் வலை அடைத்துக்கொள்ளும்.

2. ஒரு அழுத்துக்கு எத்தனை மி.லி.?

ஹேண்ட்வாஷுக்கு 1 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். நுரைக்கு அரை மி.லி.யை ஒட்டிய திரவம் போதும், மீதி காற்று. சானிடைசருக்கு உள்ளங்கை நிறைய வேண்டும். 1.5 மி.லி. வரும் பம்பை இரண்டு முறை அழுத்தினால் 3 மி.லி. கிடைக்கும்.

இப்போது பிஸ்டன் கணக்கு. 10 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 0.785 சதுர செ.மீ. 1 மி.லி. தள்ள 12.7 மி.மீ. நகர வேண்டும். இந்த 12.7-ஐ எழுதி வையுங்கள், லீவர் வரும்போது வேண்டும்.

இதே இடத்தில் டேங்க் கொள்ளளவையும் சரிபார்த்துவிடலாம். 200 பேர் வேலை செய்யும் தளத்தில் ஆளுக்கு மூன்று முறை என்றால் நாளைக்கு 600 அழுத்து, 600 மி.லி. 800 மி.லி. டேங்க் ஒன்றரை நாள்கூடத் தாங்காது. அதற்காக 2 லிட்டர் டேங்க் போடாதீர்கள். இரண்டு கிலோ எடை சுவரில் தொங்கும். மூன்று டிஸ்பென்சர் மாட்டச் சொல்லுங்கள்.

3. யார் நிரப்புகிறார், எப்படி நிரப்புகிறார்?

வடிவத்தை உண்மையில் முடிவு செய்பவர் கை கழுவுகிறவர் அல்ல, நிரப்புகிறவர். வழி இரண்டுதான்: மேலே திறந்து கேனிலிருந்து ஊற்றும் டேங்க், அல்லது பம்புடன் சேர்ந்தே வரும் மூடிய பை.

ஊற்றும் டேங்க் மலிவு. ஆனால் பாதி காலியான டேங்க்கில் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே போனால் அடியில் கிருமிகள் குடியேறிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட கை சுகாதார வழிகாட்டியே, பாதி காலியான டிஸ்பென்சரில் சோப்பு சேர்க்காதீர்கள் என்று சொல்கிறது. ஆகவே மருத்துவமனைக்கு வரைகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பைதான். அலுவலகத்துக்கு ஊற்றும் டேங்க் பரவாயில்லை. ஆனால் கருவி எதுவும் இல்லாமல் டேங்க் முழுதாகக் கழன்று வர வேண்டும், உள்ளே கை நுழைந்து தேய்க்கும் அளவு வாய் வேண்டும், மூலைகள் வளைவாக இருக்க வேண்டும்.

வாய் எவ்வளவு அகலம்? 5 லிட்டர் கேனை ஒரு கையால் தூக்கி ஊற்றிப் பாருங்கள். 40 மி.மீ. வாயில் பாதி வெளியே போகும். நான் 70-க்குக் கீழே போவதில்லை.

டேங்க்கின் அடியைத் தட்டையாக விடுவது இன்னொரு வழக்கமான தவறு. 10 செ.மீ.க்கு 8 செ.மீ. அடியில் வெறும் 5 மி.மீ. சோப்பு தங்கினாலே 40 மி.லி. அது ஒருநாளும் வெளியே வராது, அங்கேயே கெடும். பம்பின் வாயை நோக்கி நல்ல சரிவு கொடுங்கள்.

4. பம்பைத் தேர்ந்தெடுங்கள், வரையாதீர்கள்

முதல் டிஸ்பென்சருக்குச் சொந்தமாக பம்ப் வடிவமைக்க வேண்டாம். தயாராகக் கிடைக்கும் பம்ப் ஒன்றை வாங்கி, அதைச் சுற்றி மற்றதை அமையுங்கள். பிறகு அந்த பம்ப் கடையில் கிடைக்காமல் போகும் ஆபத்து உண்டு என்பதால், ஒரே அளவில் இரண்டு பேரிடம் கிடைக்கும் வகையாகப் பாருங்கள்.

சுவர் டிஸ்பென்சருக்கு இரண்டு வகை பொருந்தும். பிஸ்டன் பம்ப் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தரும், பாகங்கள் அதிகம். சிலிகான் குமிழ் பம்பில் ஸ்பிரிங்கே கிடையாது, அழுத்தினால் தானே உப்பிக்கொள்ளும். பாகம் குறைவு, ஆனால் பாதி அழுத்தினால் பாதிதான் வரும். வீட்டுக்கு அது போதும். அலுவலகத்துக்கு பிஸ்டனையே சொல்வேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உள்ளே இழுக்கும் வழியைக் கவனியுங்கள். எல்லாரும் சோப்பு வெளியே வருவதைப் பற்றியே யோசிக்கிறார்கள், அது உள்ளே வந்தால்தானே வெளியே போகும்? குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். 6 மி.மீ. இருக்க வேண்டிய உள்வழியை இடமில்லை என்று 3 மி.மீ. ஆக்கிவிட்டால், கெட்டிச் சோப்பில் பிஸ்டன் திரும்பி வர இரண்டு மூன்று விநாடி எடுக்கும். அதற்குள் ஆள் மறுபடி அழுத்துவார், பாதி அளவே வரும், "இது வேலை செய்யல" என்று ஓங்கிக் குத்துவார். உடைந்த லீவர்கள் பலவற்றுக்கு மூல காரணம் இந்தச் சின்ன ஓட்டைதான்.

ஸ்பிரிங் திரவத்துக்கு வெளியே இருக்கும் பம்பையே தேடுங்கள். சோப்பில் உப்பு இருக்கிறது என்று பார்த்தோம். உள்ளே மூழ்கிய சாதாரண ஸ்பிரிங் சில மாதங்களில் பழுப்பு நிறத் துருவைச் சோப்போடு சேர்த்து ஆள் கையில் கொடுக்கும். வேறு வழியில்லை என்றால் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள்.

5. காற்று உள்ளே வர வழி, வெளியே போகவும் வழி

சோப்பு வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வரவில்லை என்றால் டேங்க்கில் வெற்றிடம் ஏறி, ஐம்பது அறுபது அழுத்துக்குப் பிறகு பம்ப் இழுக்காது. இது எல்லாருக்கும் தெரியும், அதனால் டேங்க்கின் மூடியில் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

நான் செய்த முதல் டிஸ்பென்சர் காலையில் சுத்தமாக இருக்கும், மதியம் மூன்று மணிக்கு வாஷ்பேசினில் ஒரு கரண்டி சோப்பு கிடக்கும். மூக்கு வால்வை மூன்று முறை மாற்றினேன். தவறு அங்கே இல்லை. அந்தக் கழிப்பறையின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. பாதி காலியான டேங்க்கில் 500 மி.லி. காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது சுமார் 17 மி.லி. விரியும். ஒருவழி வால்வு காற்றை உள்ளே மட்டும்தான் விடும். வெளியே போக வழியில்லாத காற்று சோப்பைத் தள்ளிவிடுகிறது.

மேலே மூடி உள்ள டேங்க்குக்குத் தீர்வு எளிது: அந்த மூடியில் 1 மி.மீ. ஓட்டை, தூசி நேராக விழாதபடி மேலே ஒரு சிறு தடுப்பு. இரு பக்கமும் மூச்சு விடட்டும். கவிழ்த்து மாட்டும் பாட்டிலில் இது முடியாது, ஓட்டை வழியாகச் சோப்பே வந்துவிடும். அந்த வடிவத்தை நான் தவிர்க்கிறேன். பையில் இந்தத் தொல்லையே இல்லை. சோப்பு குறையக் குறையப் பை சுருங்கும், உள்ளே விரிய ஒன்றும் இருக்காது.

6. சொட்டாத மூக்கு

ஒழுகல் வேறு, சொட்டு வேறு. ஒழுகல் வால்வு தோற்பதால் வருவது. சொட்டு, வால்வுக்குக் கீழே குழாயில் தங்கிய சோப்பு. வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குக் கீழே 30 மி.மீ. குழாய் விட்டிருந்தால் அத்தனையும் நிதானமாகக் கீழே வரும்.

சோப்பின் பரப்பு இழுவிசை தண்ணீரினதில் பாதிக்கும் குறைவு. 3 மி.மீ. துளையில் அது ஏறத்தாழ 4 மி.மீ. நீளத் திரவத்தைத்தான் தாங்கிப் பிடிக்கும். ஆகவே வால்வு மூக்கின் நுனியிலேயே இருக்க வேண்டும். சிலிகானில் வெட்டுப்போட்ட வால்வு, அல்லது வாத்து அலகு மாதிரியான வால்வு, இரண்டும் நுனியில் உட்காரும்.

அது திறக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும்? டேங்க் நிறைந்திருக்கும்போது மூக்குக்கு மேல் 15 செ.மீ. திரவம் என்றால் சுமார் 1.5 கிலோபாஸ்கல் எப்போதும் அதன்மேல் இருக்கும். குறைந்தது அதைப்போல இரு மடங்கில் திறக்கும் வால்வாகத் தேர்ந்தெடுங்கள். மிக இறுக்கமாகவும் வேண்டாம், அத்தனையையும் ஆள் விரல்தான் தள்ள வேண்டும்.

சானிடைசர் ஜெல்லுக்கு இன்னொரு தொல்லை. நுனியில் ஆல்கஹால் ஆவியாகி, ஜெல் காய்ந்து பாதி அடைத்துக்கொள்ளும். அடுத்த அழுத்தில் திரவம் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். கோவிட் காலத்தில் பிரான்ஸில் சிறு குழந்தைகளின் கண்ணில் சானிடைசர் படுவது அதிகமானது. பொது இடத்து டிஸ்பென்சர்கள் குழந்தையின் முக உயரத்தில் இருந்ததை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நுனியைச் சுற்றிக் கீழ்நோக்கிய ஒரு சிறு பாவாடை வையுங்கள், பீய்ச்சல் அதில் பட்டுக் கீழே விழும்.

7. எந்த பிளாஸ்டிக், எந்த ரப்பர்

டேங்க்குக்கு பாலிபுரோப்பிலீன் அல்லது எச்டிபிஇ. நிறம் சேர்க்காமல் விட்டால் சோப்பின் மட்டம் வெளியே மங்கலாகத் தெரியும், தனியாக ஜன்னல் வைக்க வேண்டாம். பளபளப்புக்காக அக்ரிலிக் ஜன்னல் வைத்தால் சானிடைசர் பட்டதும் முடிபோல் விரிசல் ஓடும். ஏபிஎஸ் மூடிக்கு நல்லது, ஆனால் ஸ்க்ரூ இறுகும் இடங்களில் வாசனை எண்ணெய் கலந்த சோப்பு தொடர்ந்து பட்டால் வெடிக்கலாம்.

சந்தேகமா? பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வில்லாக வளைத்துக் கட்டி, உங்கள் திரவத்தில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். வளைக்காமல் ஊறவைத்தால் ஒன்றும் தெரியாது, இழுவையும் ரசாயனமும் சேரும்போதுதான் வெடிக்கும். ரப்பருக்கு சிலிகானோ ஈபிடிஎம்மோ. ஸ்க்ரூக்கள் ஸ்டெயின்லெஸ் ஆனாலும் மூடிக்குள் மறைந்திருக்கட்டும், கழிப்பறை கழுவும் ஆசிட்டின் புகையே அவற்றைக் கறையாக்கும்.

8. லீவர்

ஸ்பிரிங் தராசை பம்பில் மாட்டி, கெட்டிச் சோப்போடு அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பாருங்கள். 40 நியூட்டன் என்று வந்தது என்று வைப்போம். அமெரிக்க மாற்றுத்திறனாளி அணுகல் விதிகள் இத்தகைய பாகங்களுக்கு 22.2 நியூட்டனை உச்சமாக வைக்கின்றன, ஒரு கையால், இறுகப் பிடிக்காமல், மணிக்கட்டைத் திருகாமல் இயக்க முடிய வேண்டும் என்றும் கேட்கின்றன. நம் ஊருக்கும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

லீவர் விசையை 2.5 மடங்காக்கும் என்றால் 16 நியூட்டன் போதும். ஆனால் முன்பு எழுதி வைத்த 12.7 மி.மீ. இப்போது 32 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு தூரம் உள்ளே போக மூடிக்குள் இடம் வேண்டும். மூடியை முதலில் வரைந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

லீவரைச் சுவரை நோக்கித் தள்ளும்படி அமையுங்கள். மேலிருந்து கீழே அழுத்தும் பட்டன், பெட்டியின் மேல் விளிம்பைச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். சுவரை நோக்கித் தள்ளினால் அந்த விசையைச் சுவரே வாங்கிக்கொள்ளும்.

9. சுவர்

ஸ்க்ரூ பிடிப்பது டைல்ஸில் அல்ல, அதன் பின்னால் இருக்கும் செங்கல்லில். பின்தகடு 3, டைல்ஸ் 8, அதன் பின்னால் கலவை 15, இத்தனைக்கும் அப்பால் செங்கல்லில் செருகிய பிளாஸ்டிக் பிளக்குக்குள் 25 மி.மீ. போக வேண்டும். 50 மி.மீ.யை ஒட்டிய ஸ்க்ரூ இல்லாமல் இது நடக்காது. பெட்டியோடு 25 மி.மீ. ஸ்க்ரூ கொடுக்கும் வழக்கம் ஏன் இன்னும் தொடர்கிறதோ தெரியவில்லை.

மேலே இரண்டு, கீழே ஒன்று. மேலுள்ள இரண்டும் நீள்துளைகளாக இருந்தால் சாய்வாகத் துளை போட்டவர் சரிசெய்துகொள்வார். கீழ்த்துளை வட்டமாக இருக்கட்டும், அது நிரப்பும்போது பெட்டி மேலே தூக்கிக்கொள்ளாமல் பூட்டும். துளை இடங்களைக் காட்டும் அட்டை ஒன்றைப் பெட்டியில் வையுங்கள், அதிலேயே "டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லில் ஹேமர் போடாதீர்கள்" என்று எழுதிவிடுங்கள்.

இரட்டைப் பக்க டேப்பை நம்பி வடிவமைக்காதீர்கள். நேராகக் கீழே இழுக்கும் எடையை அது தாங்கும். மேல் விளிம்பிலிருந்து உரியும் விசையை, அதுவும் ஈரச் சுவரில், தாங்காது.

மாட்டும் இடத்தையும் அந்த அட்டையிலேயே சொல்லுங்கள். மூக்கு வாஷ்பேசினுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், தரைக்கு மேலே வந்தால் ஒரு சொட்டு போதும் ஆள் வழுக்க. நடைபாதையில் மாட்டினால் சுவரிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. கையாளும் பாகம் தரையிலிருந்து 1,220 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எட்டாது. சானிடைசர் என்றால் சுவிட்ச் போர்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ கூடவே கூடாது. 80 சதவீத எத்தனால் நம் அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும்.

10. சென்சார் வேண்டுமென்றால்

கைமுறை வகை ஒழுங்காக ஓடிய பிறகு சென்சாருக்குப் போங்கள். ஒழுகும் பம்புக்கு மோட்டார் வைத்தால் அது தானாகவே ஒழுகும்.

பேட்டரிக் கணக்கை முதலில் போடுங்கள். ஒரு முறைக்கு மோட்டார் 0.5 ஆம்பியர் 0.6 விநாடி எடுத்தால் 10,000 முறைக்கு சுமார் 830 மில்லி ஆம்பியர்-மணி. சும்மா இருக்கும்போது 30 மைக்ரோ ஆம்பியர் என்றால் வருடத்துக்கு இன்னும் 260. அகச்சிவப்பு சென்சாரை உங்கள் ஒரு கையை மட்டும் வைத்துச் சோதிக்காதீர்கள். கருத்த தோல், வெளுத்த தோல், ஈரக் கை, கறுப்புச் சட்டைக் கை, ஜன்னல் வெயில், எதிரே பளபளக்கும் ஸ்டீல் வாஷ்பேசின், எல்லாவற்றிலும் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பும் கருத்த தோலுக்கு வேலை செய்யாத டிஸ்பென்சரை நம் ஊரில் யாருக்கு விற்பது?

11. இப்போது மூடி

உள்ளே எல்லாம் இடம் பிடித்துவிட்டதால் இது சீக்கிரம் முடியும். மூடியின் தடிமன் 2.5 மி.மீ., உள் விலா (வலுவுக்காக உட்பக்கம் ஓடும் வரம்பு) அதில் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், மேலே போனால் வெளிப்பக்கம் குழி விழும். மோல்டிலிருந்து கழல 1 முதல் 2 டிகிரி சரிவு. மேல்பக்கத்தைத் தட்டையாக விடாதீர்கள், அங்கே யாராவது சிகரெட்டோ பழைய சோப்புக் கட்டியோ வைப்பார்கள். சரிவாக்கிவிடுங்கள்.

12. சோதனை

வைப்பர் மோட்டாரின் கையில் ரப்பர் முனை ஒன்றைப் பொருத்தி லீவரை அழுத்த விடுங்கள். குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் மணிக்கு 2,700, ஒரு லட்சம் அழுத்துக்கு ஒன்றரை நாள். முன்பு பார்த்த அலுவலகத்தில் நாளைக்கு 600 என்றால் ஒரே டிஸ்பென்சருக்கு வருடத்தில் ஏறக்குறைய 2 லட்சம் வரும், ஆகவே ஒரு லட்சத்தோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு 5,000-க்கும் பத்து அழுத்தைத் தராசில் பிடித்து எடை எழுதுங்கள். எடை மெல்ல இறங்கினால் பிஸ்டன் வாஷர் தேய்கிறது. திடீரென்று இறங்கினால் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது.

வெளியே வந்த சோப்பை உடனே திருப்பி ஊற்றாதீர்கள். அது நுரையும் குமிழியுமாக இருக்கும், பம்ப் காற்றை இழுத்து எடை குறையும், நல்ல பம்பைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ஒரு இரவு அடங்க விடுங்கள்.

மோட்டார் காட்டாதவை மூன்று. பாதி நிரம்பிய டேங்க்கைக் காலை முதல் மாலை வரை வெயில் படும் சுவரில் மாட்டி, கீழே டிஷ்யூ காகிதம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கலந்த சோப்போடு இதையே மறுபடி செய்யுங்கள். இரண்டு வாரம் யாரும் தொடாமல் விட்டு, பிறகு ஒரு அழுத்து அழுத்தி அது நேராக வருகிறதா என்று பாருங்கள், பள்ளி விடுமுறை முடிந்த முதல் நாள் இப்படித்தான் இருக்கும்.

கடைசியில் லீவரின் நுனியில் 15 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிடுங்கள். யாரும் அப்படித் தொங்க மாட்டார்கள் என்று தோன்றும். ஈரத் தரையில் கால் வழுக்குகிறவர் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான்.